கேன்சர் சிகிச்சைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு: ஃபைலில் தொடங்கி ஃபாலோ-அப் வரை

பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) ரிப்போர்ட் வந்த அன்று சாயந்திரமே ஃபோன் அடிக்க ஆரம்பித்துவிடும். "என்ன உதவின்னாலும் தயங்காம கேளுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். மனசாரத்தான் சொல்வார்கள். ஆனாலும் மூன்றாவது கீமோ (கேன்சர் மருந்து ஏற்றுவது) முடிவதற்குள் அந்த ஃபோன்களில் பாதி நின்றிருக்கும். என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது, என்ன கேட்பது என்று நமக்குத் தெரியாது. அத்தைக்கும், சில வருஷம் கழித்துப் பெரியண்ணனுக்கும் கூட அலைந்ததில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். உதவியை வேலை வேலையாகப் பிரித்து, நாள் குறித்து, ஆள் பேர் சொல்லிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். சொந்தக்காரர்களிடம் மட்டும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் அரசாங்கத்திலும் இதே கதைதான்.

தமிழ்நாட்டில் சிகிச்சை எடுப்பவர்களையும், அவர்களுடன் போகிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதும் இங்கே இருப்பதும் வேறுபட்டால் டாக்டர் பேச்சையே கேளுங்கள்.

முதல் வேலை ஃபைல்

பிளாஸ்டிக் கவர்கள் கோத்த ஃபைல் ஒன்றை ஸ்டேஷனரி கடையில் வாங்குங்கள். தேதி வரிசையில் அடுக்குங்கள், புதியது மேலே இருக்கட்டும். பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட்கள், ஆபரேஷன் நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு கீமோவிலும் என்ன மருந்து எவ்வளவு ஏற்றினார்கள் என்ற சீட்டு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசிக் கவரில் ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை நகல்களும் சில பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோக்களும். அப்புறம் ஒவ்வொரு தாளையும் ஃபோனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் ஃபோனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயாப்ஸியில் எடுத்த சதைத் துணுக்கை லேபில் மெழுகுக் கட்டிக்குள் பதித்து வைத்திருப்பார்கள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதற்கு 'பிளாக்' என்று பேர். அதிலிருந்து சீவி எடுத்த கண்ணாடித் தகடுகள் 'ஸ்லைடு'. வேறு ஆஸ்பத்திரிக்கு மாறும்போதோ இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கும்போதோ, ரிப்போர்ட்டோடு இவற்றையும் கேட்பார்கள். முதல் லேபில் எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். மெழுகு என்பதால் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். ஸ்லைடு உடையும், பஞ்சு வைத்துச் சுற்றுங்கள். இது கையில் இருந்தால் மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்கும் வேதனை பல சமயம் மிச்சமாகும்.

இன்னொரு டாக்டரைக் கேட்டால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம். புற்றுநோய் மருத்துவர்களுக்கு இது பழகிய விஷயம். மும்பைக்கு ரயிலேற முடியாதவர்கள், அங்கே உள்ள டாடா நினைவு மருத்துவமனையும், நாட்டின் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளின் கூட்டமைப்பான நேஷனல் கேன்சர் கிரிடும் சேர்ந்திருக்கும் 'நவ்யா' சேவையில் ரிப்போர்ட்களை ஏற்றி நிபுணர் கருத்தைப் பெறலாம். ஆனால் கருத்துக் கேட்டுக்கொண்டே மாதக்கணக்கில் சுற்றாதீர்கள். "கத்தி பட்டா பரவிடும்" என்று பயாப்ஸியைத் தள்ளிப்போட்டு, நோய் முற்றிய பிறகு வருகிறவர்கள் ஓ.பி. வரிசையில் இன்னும் இருக்கிறார்கள். கத்தி பட்டுப் பரவுவதில்லை. தள்ளிப்போட்ட நாட்களில்தான் வளர்கிறது.

டாக்டரிடம் கேட்க நாலு கேள்வி

டாக்டர் அறையில் நமக்குக் கிடைப்பது சில நிமிஷம்தான். நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஒன்று, இது என்ன வகை, எந்த ஸ்டேஜ். இரண்டு, சிகிச்சை குணமாக்குவதற்கா, இல்லை கட்டுப்படுத்தி வைப்பதற்கா. மூன்று, மொத்தம் எத்தனை மாதம், எத்தனை தடவை வர வேண்டும், அதில் எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும். நான்கு, ராத்திரி பதினோரு மணிக்குப் பிரச்சினை வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும், எந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும்.

இரண்டாவது கேள்வியைக் கேட்க யாருக்கும் வாய் வராது. ஆனால் வீட்டை விற்பதா, வேலையை விடுவதா, பிள்ளையின் கல்யாணத்தை முன்னால் வைப்பதா என்ற முடிவுகள் எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தவை. நான்காவது கேள்வியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு நாலிலும் அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று கீமோ பகுதியில் சொல்கிறேன்.

குழந்தை பெற்றுக்கொள்ளும் வயதில் இருப்பவர் என்றால் ஐந்தாவதாக ஒரு கேள்வி உண்டு. சில கீமோ மருந்துகள் கருவுறும் திறனைப் பாதிக்கும். விந்தணுவையோ கருமுட்டையையோ உறையவைத்துச் சேமிப்பது பற்றிச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே பேச வேண்டும். டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது

"சார், அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்று டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கெஞ்சுகிற குடும்பங்கள் நம் ஊரில் அதிகம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் வாசலில் 'கேன்சர் இன்ஸ்டிடியூட்' என்று போர்டு தொங்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய், "ஒண்ணுமில்லப்பா, சாதாரணக் கட்டி" என்று சொன்னால் அவர் நம்புவாரா? நம்புவது போல நடிப்பார். அப்புறம் ஒரே வீட்டில் எல்லோரும் நடிக்க வேண்டியதுதான். வலி எங்கே, பயம் என்ன, நிலப்பத்திரம் எந்தப் பெட்டியில் என்ற எதையும் பேச முடியாமல் போய்விடும். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு இருக்கு?" என்று கேட்டு, அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள்.

வெளியில் சொல்லத் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். கேன்சர் ஒட்டாது. தனித் தட்டு, தனி டம்ளர் தேவையில்லை, பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்ற கவலை. புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் வருபவை. உங்கள் வீட்டில் அது அப்படிப்பட்டதா என்று டாக்டரிடமே கேட்டுவிடலாம். ஆம் என்றாலும், ஒளிப்பதைவிடப் பெண்ணுக்கு முன்கூட்டியே பரிசோதனை செய்வதுதான் அவளுக்கு நல்லது.

குழந்தைகளிடம் 'கேன்சர்' என்ற வார்த்தையையே சொல்லுங்கள். அம்மாவுக்கு முடி கொட்டும், சோர்வாக இருப்பாள், இது உன்னால் வந்தது இல்லை, யார் உன்னை ஸ்கூலுக்குக் கூட்டிப்போவார்கள். இந்த நாலும் தெரிந்தால் பெரும்பாலான பிள்ளைகள் சமாளித்துக்கொள்வார்கள்.

காசு

ரேஷன் கார்டும், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு மூன்றும் இதில் வருகின்றன. கலெக்டர் ஆபீசில் இதற்கென்று கவுண்டர் இருக்கிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சிகிச்சைக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவு அனுமதி வாங்க வேண்டும். முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ரேஷன் கார்டில் நோயாளியின் பேர் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரிலும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருப்பதற்காக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிகிச்சைக்கு அரசு ஆஸ்பத்திரிகளைக் குறைவாக எடை போடாதீர்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை ஆகியவற்றில் தனிப் பிரிவுகள் உள்ளன. புதுச்சேரியில் மத்திய அரசின் ஜிப்மர் ஆஸ்பத்திரி. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் அரசு ஆஸ்பத்திரி இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய தொண்டு நிறுவனம். தங்கை புற்றுநோயில் இறந்ததுதான் அதற்குத் தூண்டுதல். பணம் கட்ட முடியாதவர்களுக்குக் கட்டணக் குறைப்பு அங்கே ஆரம்பத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. சமூகப் பணியாளரைப் பார்த்து வீட்டு நிலைமையைச் சொல்லுங்கள்.

கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டை மறந்துவிடுகிறார்கள். திருப்பூரிலும் ஓசூரிலும் இதை எத்தனை பேர் அறிந்திருப்பார்களோ தெரியாது. ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது. தகுதியான சேவைக்காலம் இருந்தால், வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, இரண்டு வருஷம் வரை கிடைக்க வழியுண்டு. வேலையை ராஜினாமா செய்வதற்கு முன் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். ராஜினாமா செய்துவிட்டுப் போய் நின்றால் கதவு மூடியிருக்கும். பி.எஃப். கணக்கிலிருந்தும் மருத்துவச் செலவுக்கு முன்பணம் எடுக்கலாம்.

பிரதமர் நிவாரண நிதியிலிருந்தும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவி உண்டு. ஆஸ்பத்திரி தரும் செலவு மதிப்பீட்டோடு விண்ணப்பிக்க வேண்டும், எம்.பி. அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். மாத்திரை மருந்துகளுக்கு, மலிவு விலைக் கடையான மக்கள் மருந்தகத்தில் ஒருமுறை விலை கேட்டுப் பாருங்கள். இணையத்தில் நிதி திரட்டுவதாக இருந்தால், அந்தத் தளம் எவ்வளவு கமிஷன் எடுக்கிறது என்று முதலில் படியுங்கள். நோயாளியின் படத்தைப் போடுவதற்கு அவரைக் கேளுங்கள்.

பயணமும் தங்குமிடமும்

சிகிச்சைக்கும் ஃபாலோ-அப்புக்கும் ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுதாகத் தள்ளுபடி. கூட வரும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி. ரயில்வே படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, முன்பதிவுக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். படிவத்தைப் பல நகல் எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம்.

குழந்தைக்குச் சிகிச்சை என்றால் செயின்ட் ஜூட் மையங்களைப் பற்றி ஆஸ்பத்திரியில் கேளுங்கள். சென்னையிலும் வேலூரிலும் வெளியூர்க் குடும்பங்களுக்கு இலவசமாகத் தங்குமிடம் தருகிறார்கள். ஆஸ்பத்திரி வழியாகத்தான் சேர முடியும். பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரிகளைச் சுற்றியுள்ள சத்திரங்களும் மாத வாடகை அறைகளும்தான். அறை பார்க்கும்போது வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, மாடிப்படி எத்தனை, கஞ்சி காய்ச்ச அடுப்பு உண்டா என்று பாருங்கள். வாடகை அதற்கப்புறம்.

வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை எடுத்து, கீமோ நாட்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் பின்னால் வரும் நாலைந்து நாள்தான் வீடு தள்ளாடும் நாட்கள். அந்த நாட்களின் வேலைகளைத் தனித்தாளில் எழுதுங்கள். மகனை ஸ்கூல் வேனில் ஏற்றுவது, ரேஷன் வாங்குவது, இட்லி மாவு அரைப்பது, லேபில் ரத்தம் கொடுத்து ரிசல்ட் வாங்கி வருவது, ராத்திரி துணைக்குப் படுப்பது.

இப்போது ஃபோன் செய்கிறவர்களிடம் கேளுங்கள். "சித்தப்பா, வர்ற செவ்வாயும் புதனும் காலையில ஏழு மணிக்குத் தம்பிய வேன்ல ஏத்திவிட முடியுமா?" இந்தக் கேள்விக்கு முடியும், முடியாது என்று இரண்டே பதில்தான். முடியாது என்றால் வருத்தப்படாமல் அடுத்த ஆளிடம் போகலாம். பொதுவாக "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொன்னால், ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும்தான் வீடு வந்து சேரும். எங்கள் வீட்டில் எதிர்வீட்டக்கா கீமோ வாரம் முழுக்க மாவு அரைத்துக் கொடுத்தார். அதைவிடப் பெரிய உதவி எங்களுக்கு வரவில்லை.

பெண் நோயாளி என்றால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். கீமோ ஏற்றிக்கொண்டு வந்து அன்றைக்கே அடுப்படியில் நிற்கும் பெண்கள் உண்டு. வீட்டு ஆண்கள் சோறும் ரசமும் வைக்கக் கற்றுக்கொள்ள இதுவே நல்ல நேரம்.

நலம் விசாரிக்கும் ஃபோன்களுக்குப் பதில் சொல்ல ஒருவரை நியமித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் குழு ஒன்று தொடங்கி, வாரம் ஒரு குரல்பதிவு போட்டால் போதும். நோயாளி தன் கதையை இருபது பேரிடம் இருபது தடவை சொல்ல வேண்டியதில்லை. சளி, இருமல் உள்ளவர்களை வாசலோடு அனுப்பும் பொறுப்பும் இந்த ஆளுடையதே. நோயாளி அதைச் சொல்ல முடியாது, நீங்கள் சொல்லலாம்.

கீமோ நாட்கள்

வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், எந்த நேரமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை பொதுவாக வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது சாதாரணக் கிருமித்தொற்றுகூடச் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். பாரசிட்டமால் போட்டுவிட்டு "காலைல பாக்கலாம்" என்று படுப்பதுதான் இதில் செய்யவே கூடாதது. நான்காவது கேள்வியை ஏன் கேட்கச் சொன்னேன் என்று இப்போது புரியும். ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால், பக்கத்தில் ரத்த அணுக்களைப் பரிசோதித்து ஆன்டிபயாடிக் ஊசி போடக்கூடிய ஆஸ்பத்திரி எது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். கீமோ சீட்டின் நகல் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவது பலரின் பழக்கம். எழுதிக் கொடுத்த நேரத்தில் போட்டால்தான் அது வேலை செய்யும். அந்த மாத்திரைகளில் சில மலச்சிக்கலைக் கொண்டுவரும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தாளிக்கும் வாசனையே சிலருக்குக் குமட்டும். சமைக்கும் நேரத்தில் அவரைக் காற்றோட்டமான வேறு அறையில் உட்கார வையுங்கள். நாக்கில் இரும்பு ருசி தட்டினால் எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள். வாய்ப்புண்ணுக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் அதில் பாதி உப்பும் கலந்து அடிக்கடி கொப்பளிக்கலாம்.

சாப்பாட்டில் பத்தியம் என்ற பேரில் பட்டினி போடாதீர்கள். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பால் எல்லாம் வேண்டும். எடை குறைந்தால் அடுத்த கீமோ தள்ளிப்போகக்கூடும். நன்றாக வெந்ததாக, சூடாக இருக்கட்டும். கடையில் வெட்டி வைத்த பழம், பானிபூரி, தெருவோர ஜூஸ் வேண்டாம்.

கேன்சரைக் குணமாக்கும் கஷாயம், பொடி என்று யாராவது ஒருவர் முகவரியோடு வருவார். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ம் வருஷச் சட்டம் ஒன்று தடைசெய்கிறது. அப்படியும் வீட்டில் பெரியவர்கள் கொடுக்க ஆசைப்பட்டால், ஒளித்துக் கொடுக்காமல் பாட்டிலோடு டாக்டரிடம் காட்டுங்கள். சில மூலிகைகள் கல்லீரலைப் பாதிக்கும், சில கீமோ மருந்தின் வேலையையே மாற்றிவிடும்.

முடி கொட்டுவது பற்றி நம் ஊரில் ஒரு சௌகரியம் உண்டு. மொட்டை நமக்குப் புதிதில்லை. கொத்துக்கொத்தாய் உதிர்வதைப் பார்ப்பதைவிடப் பழனிக்கோ சமயபுரத்துக்கோ போய் முன்பே முடி இறக்கிவிடும் பெண்கள் நிறையப் பேர். பஸ்ஸில் கேட்பவர்களுக்குப் பதிலும் தயாராக இருக்கும். விக், ஸ்கார்ஃப் எல்லாம் அவரவர் விருப்பம்.

கரண்ட் வைக்கும் நாட்கள்

ரேடியேஷன் என்கிற கதிர்வீச்சை நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். அதனாலேயே ஷாக் அடிக்கும், உடம்பு கருகிவிடும் என்ற பயமும் வந்துவிடுகிறது. எக்ஸ்ரே எடுப்பது போலத்தான், வைக்கும்போது வலிக்காது. வழக்கமாக வாரத்தில் ஐந்து நாள், நோயைப் பொறுத்துச் சில வாரங்கள். தோலில் மார்க்கரால் போட்ட கோடுகளைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். அந்த இடத்தில் மஞ்சள், சந்தனம், விபூதி, பவுடர், எண்ணெய் எதுவும் கூடாது. மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு இதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். பழைய பருத்திச் சேலையும் லூசான சட்டையும்தான் உத்தமம்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைப்பதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கெட்ட பல்லைப் பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. தாடை இறுகிப்போவது இன்னொரு தொல்லை. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, நாளாக ஆக ஒவ்வொன்றாகக் கூட்டிச் செய்யும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். அதேபோல மார்பகத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சுவரில் விரல்களால் மேலே ஏறும் பயிற்சி. சலிப்பான வேலைதான். ஆனால் ஆறு மாதம் கழித்துத் தலை வார முடிகிறதா, கொடியில் துணி காயப்போட முடிகிறதா என்பதை இந்தப் பயிற்சிதான் முடிவு செய்யும். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கையில் ஊசி, பி.பி. பட்டை வேண்டாம் என்று நர்ஸிடம் ஒவ்வொரு தடவையும் நீங்களே சொல்லுங்கள். புகையிலையையும் வெற்றிலை பாக்கையும் நிறுத்த உதவி வேண்டுமென்றால் 1800 11 2356.

மனசுக்கு

தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், யாரிடமும் பேசாமல் இரண்டு வாரம் தொடர்ந்தால் அதை "கவலைதானே" என்று விடாதீர்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் புற்றுநோயாளிகளுக்கென்றே உளவியல் துறை இருக்கிறது. மற்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் கவுன்சலரை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். வீட்டிலிருந்தே பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, எந்நேரமும், தமிழிலும். இதற்குக் கட்டணம் இல்லை.

அதே நோயைக் கடந்துவந்த ஒருவரிடம் பேசுவதற்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். டாக்டர் "கொஞ்சம் எரிச்சல் இருக்கும்" என்று சொல்வதை அவர் "மூணாவது வாரம் தண்ணி குடிக்கவே கஷ்டமா இருக்கும், பயப்படாதீங்க, அப்புறம் குறைஞ்சிடும்" என்று சொல்வார். ஆஸ்பத்திரி நடத்தும் குழுக் கூட்டம் எப்போது என்று நர்ஸிடம் கேளுங்கள். குழுவே இல்லாவிட்டாலும், உங்கள் நோயில் சிகிச்சை முடித்த, பேச விருப்பமுள்ள ஒருவரை அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். இன்னொருவர் ரிப்போர்ட்டோடு உங்கள் ரிப்போர்ட்டை ஒப்பிடாதீர்கள். ஒரே உறுப்பில் வந்தாலும் இரண்டும் வேறு நோயாக இருக்கலாம். குழுவில் யாராவது பொடி விற்கத் தொடங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

வலியைப் பொறுக்க வேண்டாம்

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணாகச் சொல்லுங்கள், எந்த நேரத்தில் கூடுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். "வலிக்குது" என்பதைவிட "ராத்திரி ரெண்டு மணிக்கு எட்டு, மாத்திரை போட்டதும் மூணு" என்பது டாக்டருக்கு உதவும். மார்ஃபின் மாத்திரை எழுதினால் கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சரியான அளவில் கொடுக்கும்போது அது ஆயுளைக் குறைப்பதுமில்லை. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைத்துக்கொள்வதை எளிதாக்கினார்கள். தெருமுனைக் கடையில் கிடைக்காது, ஆஸ்பத்திரியின் வலி நிவாரணப் பிரிவில் கேட்க வேண்டும். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும் என்பதால் அதற்கும் சேர்த்து மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு

கடைசிக் கீமோ அன்று வீட்டில் பாயசம் வைப்பார்கள். சந்தோஷம்தான். ஆனால் பல பேருக்கு மனசு இடிந்து உட்காருவது அதற்கப்புறம்தான். அதுவரை வாரா வாரம் டாக்டர், நர்ஸ், டெஸ்ட் என்று யாரோ பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். சொந்தக்காரர்கள் கணக்கில் எல்லாம் முடிந்துவிட்டது. உடம்போ இன்னும் திரும்பவில்லை. சோர்வு மாதக்கணக்கில் இருக்கலாம், மறதி இருக்கலாம், விரல் நுனியும் பாதமும் மரத்துப்போயிருக்கலாம். பாதம் மரத்திருந்தால் பின்பக்கம் வார் வைத்த செருப்பு போடுங்கள், சூடான பாத்திரத்தைத் துணியோடு பிடியுங்கள். தினமும் கொஞ்சம் நடப்பது சோர்வைக் குறைக்கும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். என்ன நோய், என்னென்ன சிகிச்சை, மொத்த அளவு, அடுத்து எப்போது என்ன பரிசோதனை, எந்த அறிகுறி வந்தால் தேதிக்குக் காத்திராமல் வர வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போனாலும் இந்தத் தாள் பேசும். பொதுவாக முதல் இரண்டு வருஷம் சில மாதங்களுக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்று ஃபாலோ-அப் போகும். மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் மாத்திரை ஐந்து முதல் பத்து வருஷம் தொடரலாம். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.

ஸ்கேன் தேதி நெருங்கும்போது வரும் பயம் எல்லோருக்கும் உண்டு. அந்த வாரத்தில் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள், ரிசல்ட் வாங்கத் தனியாகப் போகாதீர்கள். காலண்டரில் மறுபடி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, துணைக்கு வர ஒருவரைக் கேளுங்கள். வேலைக்குத் திரும்புகிறவர்கள் முதல் சில மாதம் குறைந்த நேரமோ இலகுவான வேலையோ கேட்டுப் பார்க்கலாம், டாக்டர் சான்று கொடுப்பார். தாம்பத்தியம் பற்றிய கேள்விகளையும் டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்கலாம். வறட்சி, வலி போன்றவற்றுக்கு எளிய தீர்வுகள் இருக்கின்றன.

குணமாகாது என்று சொன்னால்

"இனி ஒண்ணும் செய்யறதுக்கில்லை" என்ற வார்த்தையை அப்படியே ஏற்காதீர்கள். கட்டியைக் கரைக்க வழி இல்லாமல் இருக்கலாம். மூச்சுத்திணறல், வலி, புண்ணின் துர்நாற்றம், தூக்கமின்மை இவற்றுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. அந்த மருத்துவத்துக்கு வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை என்று பேர், ஆஸ்பத்திரியில் 'பாலியேட்டிவ்' என்று கேளுங்கள். நோய் முற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, கீமோ நடக்கும்போதே சேர்த்து எடுக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும், வழி தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள். வீட்டில் பார்க்கவே முடியாத நிலை என்றால், சென்னை மணலி பக்கம் மாத்தூரில் ஜீவோதயா போன்ற இல்லங்கள் இலவசமாகப் பார்த்துக்கொள்கின்றன.

எங்கே இருக்க ஆசை, யாரைப் பார்க்க வேண்டும், வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள், பேச முடிகிற காலத்திலேயே. வங்கி நாமினி, உயில், ஃபோன் பாஸ்வேர்டு எல்லாம் அதே பேச்சில் வரும்.

கூட இருப்பவருக்கு

கூட இருப்பவரின் பி.பி. மாத்திரை தீர்ந்துபோய் ஒரு வாரம் ஆகியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதனால் வேலைத் தாளில் உங்கள் பேரையும் எழுதுங்கள்: வாரத்தில் ஒரு சாயந்திரம் வேறொருவர் வந்து உட்கார வேண்டும், அந்த நேரத்தில் நீங்கள் ஆஸ்பத்திரி, மருந்துக்கடை தவிர எங்கே வேண்டுமானாலும் போகலாம். கோபம் வரும், சில நாள் நோயாளி மேலேயே வரும். 14416 உங்களுக்கும்தான். முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனையை அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்கிறார்கள். வீட்டுப் பெண்கள் எல்லோரையும் ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்கள்.